விக்கிப்பீடியாவை நம்பலாமோ? பேப்பரில வந்த கட்டுரையும் பிள்ளையளின்ர ஒப்படையும்

முற்றத்துமல்லிகை (சனி, காலை 7.40)

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில 10ஆம், 11ஆம் ஆண்டுக்கு வரலாறு படிப்பிக்கிறன். போன கிழமை ஒரு பேப்பரில விக்கிப்பீடியா நம்பத்தகாதது, ஆரும் என்னவும் எழுதலாம், பிள்ளையளைப் பிழையா வழிநடத்துது எண்டு அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. அதை ஆரோ போன்ல படமெடுத்துப் பெற்றோற்ற வட்சப் குறூப்பில போட, அண்டு பின்னேரமே நாலு அம்மாமார் எனக்குக் கோல் எடுத்திட்டினம், ரீச்சர் ஏன் பிள்ளையளை விக்கி பாக்கச் சொன்னனீங்கள் எண்டு. நான் பாக்கச் சொன்னனான்தான், ஆனா பாத்து எழுதச் சொல்லேல்ல. ஒப்படைக்குத் தொடங்கிற இடமா அதை வைச்சு, அடியில இருக்கிற மேற்கோளைப் பிடிச்சு நூலகத்துக்குப் போங்கோ எண்டுதான் சொன்னது. இப்ப அந்தப் பேப்பர்த் துண்டு வந்தாப்பிறகு பிள்ளையளும் பயந்து போய் நிக்குதுகள். ஒரு பிள்ளை கேக்குது, மிஸ் அப்ப அதில இருக்கிறது எல்லாம் பொய்யோ எண்டு. நான் உடன பதில் சொல்லேல்ல, எனக்கே வடிவாத் தெரியாமல் என்னத்தைச் சொல்லுறது. இஞ்ச விசயம் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறியள், சொல்லுங்கோ.

நாவற்குழியான் (சனி, காலை 8.55)

ரீச்சர், பேப்பர்க்காரர் எழுதினது முழுக்கப் பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். ஆரும் எழுதலாம் எண்டது உண்மைதானே. 2005ல அமெரிக்காவில ஜோன் சீகந்தாலர் எண்ட மூத்த பத்திரிகையாளற்ற பக்கத்தில ஆரோ ஒராள், கென்னடி சகோதரர்களின்ர கொலையில இவருக்கும் தொடர்பிருக்கு எண்டு சந்தேகம் இருந்தது எண்டு எழுதிப்போட்டுப் போட்டார். ரொபேர்ட் கென்னடியோட கூட வேலை செய்த மனிசன் அவர். மே மாசம் ஏறின பொய் நாலு மாசத்துக்கு மேல ஒருத்தற்ற கண்ணிலயும் படாமல் கிடந்தது. பேந்து அவரே நவம்பர் 29 அண்டைக்கு யூஎஸ்ஏ ருடே பேப்பரில எழுதித்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. 78 வயசில ஒருத்தர் தன்ர பேரைத் தானே வெளியில வந்து காப்பாத்த வேண்டிக் கிடந்தது எண்டால் அது சின்ன விசயமோ? என்ர மகளின்ர பேரில அப்பிடி ஒண்டு வந்தால் நான் ஆரிட்டப் போறது. அதால அந்த அம்மாமாற்ற பயத்தைத் தட்டிக் கழிக்காதேங்கோ.

கைதடிப்பாலம் (சனி, காலை 10.20)

நான் 2011ல இருந்து தமிழ் விக்கிப்பீடியாவில எழுதிறன். இந்தக் கதையை ஒவ்வொரு வருசமும் கேக்கிறன், ஒவ்வொரு முறையும் மனம் நோகும், ஆனா நாவற்குழியான் அண்ணை சொன்னதில பிழை ஒண்டும் இல்லை. அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டதையும் சேர்த்துச் சொல்லவேணும். அந்த டிசம்பரிலயே ஆங்கில விக்கியில கணக்கு இல்லாத ஆக்கள் புதுப்பக்கம் தொடங்கிறதை நிப்பாட்டினவை, உயிரோட இருக்கிற ஆக்களைப் பற்றி எழுதிறதுக்கெண்டு தனிக் கொள்கை வந்தது, சான்றில்லாத அவதூறு எண்டால் கலந்து பேசத் தேவையில்லை, கண்ட உடன தூக்கலாம்.

அதே டிசம்பரில நேச்சர் சஞ்சிகை விக்கியில இருந்தும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில இருந்தும் 42 அறிவியல் கட்டுரையை எடுத்து, எது எங்கத்தையது எண்டு சொல்லாமல் துறைசார் ஆக்களிட்டக் குடுத்துப் பாத்தது. விக்கியில 162 பிழை, பிரிட்டானிக்காவில 123. கட்டுரைக்கு நாலும் மூண்டும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பிரிட்டானிக்கா அடுத்த வருசம் அந்த ஆய்வே பிழை எண்டு கடுமையா மறுப்பு எழுதினது, நேச்சர் தான் சொன்னதைத் திருப்பி எடுக்கேல்ல. நான் இதைச் சொல்லுறது விக்கி நல்லது எண்டு மெடல் குத்த இல்லை. தோல் அட்டை போட்ட புத்தகத்திலயும் கட்டுரைக்கு மூண்டு பிழை கிடந்தது எண்டது எங்கட ஆக்களுக்குத் தெரியாது, அதுக்குத்தான்.

இன்னொண்டு. 2009 மார்ச்சில மொறிஸ் ஜார் எண்ட இசையமைப்பாளர் செத்த அண்டு, டப்ளினில ஒரு கம்பஸ் பெடியன் அவர் சொன்ன மாதிரித் தானே ஒரு வசனத்தை இட்டுக்கட்டி அவற்ற பக்கத்தில போட்டவன், பேப்பர்க்காரர் சரிபாக்கினமோ எண்டு பாக்க. விக்கியில இருந்த ஆக்கள் சான்றில்லை எண்டு அதைத் தூக்கிக்கொண்டே இருந்தவை. ஆனா இங்கிலாந்து, இந்தியா, அவுஸ்திரேலியாப் பேப்பருகளில அந்த வசனம் அவற்ற மரண அறிவித்தலோட அச்சேறிட்டுது. கார்டியனும் அதுக்குள்ள. ஒரு மாசம் கழிச்சு அந்தப் பெடியனே எழுதிச் சொல்லித்தான் அவைக்குத் தெரிஞ்சது.

பனையோலை (சனி, பகல் 12.05)

நான் பேப்பர்க் கந்தோரில ஒப்புநோக்குநரா 22 வருசம் இருந்தவன், அந்தப் பக்கத்தில இருந்தும் ஒராள் கதைக்கவேணும் எண்டு எழுதிறன். கைதடித் தம்பி, டப்ளின் கதையில பேப்பர் தோத்தது உண்மை. ஆனா சீகந்தாலர் ஐயா பேப்பரில எழுதியிருக்காட்டி உங்கட அந்தக் கொள்கை அண்டைக்கு வந்திருக்குமோ? பேப்பர் திட்டினதாலதான் அங்க பூட்டுப் போட்டவை. ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கெட்ட செய்தி வாறது அதுக்கு எப்பவும் நட்டம் எண்டு நினைக்கிறது சரியில்லை.

அதே நேரம் எங்கட தொழிலில இருந்த ஒரு குறையையும் மறைக்க மாட்டன். எங்களிட்டப் பிழை போனால், அடுத்த நாள் ஆறாம் பக்கத்து மூலையில ரெண்டு வரித் திருத்தம். அதைப் பாக்கிற ஆள் ஆர்? பிழையான பேப்பர் ஏற்கனவே ஆயிரம் வீட்டில வாசிச்சு, கடையில சரை சுத்தி, முடிஞ்சு போயிருக்கும். விக்கியில வரலாறு எண்ட தாவலை அமத்தினால் எந்த வரியை எந்தக் கணக்கு எந்த நாள் எத்தினை மணிக்கு மாத்தினது எண்டு முதல் நாளில இருந்து கிடக்கு. இதை எனக்குப் பேரன் காட்டேக்க நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டன். எத்தினை இரவு, இந்த வரியை ஆர் மாத்தினது எண்டு அச்சுக் கோக்கிற பெடியளிட்டயும் செய்தி ஆசிரியரிட்டயும் மாறி மாறிக் கேட்டு அலைஞ்சிருப்பன். அந்த ஒரு வசதி எங்களிட்ட இருந்திருந்தால் எவ்வளவோ சண்டை வந்திராது.

ரீச்சர், அந்தக் கட்டுரையில அந்தத் தாவலைப் பற்றி ஒரு வரியாவது இருந்ததோ? இல்லையெண்டால் எழுதின ஆள் உள்ள போய்ப் பாக்காமல் எழுதியிருக்கிறார் எண்டுதான் அர்த்தம்.

முற்றத்துமல்லிகை (சனி, பகல் 12.30)

இல்லை ஐயா. வரலாறு தாவலும் இல்லை, கட்டுரையைப் பற்றி எழுதிறவை கதைக்கிற உரையாடல் பக்கமும் இல்லை. சான்று தேவை எண்டு விக்கியே தன்ர பக்கத்தில குறி போடுறதைப் பற்றியும் இல்லை.

நாவற்குழியான் (சனி, பின்னேரம் 3.15)

சரி, ஆங்கிலத்தை விடுங்கோ. அங்க 60 லட்சத்துக்கு மேல கட்டுரை, பாக்கிற கண்ணும் கணக்கில்லை. நேச்சர் பாத்தது ஆங்கில விக்கியை. அந்த 42 கட்டுரையை வைச்சுத் தமிழில இருக்கிறதையும் நம்பச் சொன்னால் அது கணக்கில விடுற பிழை. எங்கட பிள்ளையள் வாசிக்கிறது தமிழில.

மற்ற மொழியளில நடந்ததைப் பாருங்கோ. ஸ்கொட்லாந்தின்ர ஸ்கொட்ஸ் மொழி விக்கியில ஒரு அமெரிக்கப் பெடியன், அந்த மொழியே தெரியாமல், ஆங்கிலத்தை எழுத்தை மாத்தி மாத்தி 20,000க்கு மேல கட்டுரை எழுதி வைச்சிருந்தவன். வருசக் கணக்கா ஒருத்தரும் கேக்கேல்ல, 2020 ஆகஸ்டில தற்செயலா ஒராள் கண்டு வெளியில சொல்லத்தான் பேப்பரெல்லாம் எழுதினது. சீன மொழியில ஒரு மனிசி நடுக்கால ரஷ்யாவைப் பற்றி இல்லாத யுத்தம், இல்லாத வெள்ளிச் சுரங்கம் எல்லாம் கற்பனையில படைச்சு 200 கட்டுரை மட்டில எழுதினவ, 2022லதான் பிடிபட்டது. குரோவேசிய விக்கி இன்னும் மோசம். ஒரு சின்னக் கூட்டம் நிர்வாகிப் பதவியைக் கையில வைச்சுக்கொண்டு கிட்டத்தட்டப் பத்து வருசம் தங்கட அரசியலுக்கேத்த மாதிரி வரலாற்றை எழுதினது. 2013ல அந்த நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவருக்குச் சொன்னார், குரோவேசிய மொழியில இருக்கிறதைப் பாக்காதேங்கோ, மற்ற மொழியளில பாருங்கோ எண்டு.

நான் கேக்கிற கேள்வி இதுதான். எங்கட ஊர், எங்கட கோயில், எங்கட சண்டை, எங்கட சாவு, இதுகளைப் பற்றி எழுதின பக்கத்தைத் தமிழில எத்தினை பேர் காவல் காக்கினம்? பத்துப் பேரோ?

கைதடிப்பாலம் (சனி, இரவு 9.10)

அண்ணை இந்தக் கேள்விக்கு நான் பின்னேரம் முழுக்க யோசிச்சிட்டுத்தான் எழுதிறன்.

ஒவ்வொரு நாளும், ஆர் என்னத்தை மாத்தினது எண்டு காட்டிற அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து பாக்கிற ஆக்கள் தமிழில குறைவு. ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டுரை இருக்கு, பல கட்டுரையை எழுதின ஆளைத் தவிர வேற ஆரும் பிறகு தொட்டதே இல்லை. குறுங்கட்டுரையா ரெண்டு வரியோட நிக்கிறது எவ்வளவு எண்டு எனக்குத் தெரியும், சிலது நானே தொடங்கி முடிக்காமல் விட்டது, அது எனக்கு உறுத்திற விசயம்.

ஆனா குரோவேசியாவோட எங்களை ஒண்டாச் சேர்க்க மாட்டன். தமிழ் விக்கி 2003ல தொடங்கினது. அதைத் தூக்கி நிறுத்தினவரில முதல் ஆள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் அண்ணை, கட்டடக்கலைஞர், வளைகுடாவில வேலை செய்துகொண்டு இரவில இருந்து எழுதினவர், கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டத்தின்ர 2015க்கான இயல் விருது அவருக்குத்தான் குடுத்தது. தொடக்கத்தில இருந்தே ஈழத்து ஆக்களும் தமிழ்நாட்டு ஆக்களும் ஒரே பக்கத்தில இருந்து சொல்லுக்குச் சொல் வாதாடித்தான் எழுதினவை. நாங்கள் ஒரு சொல் பாவிப்பம், அவை வேறை சொல் பாவிப்பினம், உரையாடல் பக்கத்தில கிழமைக் கணக்கா இழுபடும். வெளியில இருந்து பாக்கிற ஆளுக்கு இது சண்டை. எனக்கு அதுதான் காவல். ஒரே ஊர் ஒரே கட்சி ஆக்கள் மட்டும் இருந்த இடத்திலதான் குரோவேசியா நடந்தது.

2009, 2010 அளவில கூகிள் காசு குடுத்து மொழிபெயர்ப்பாளர்களை வைச்சு ஆங்கிலக் கட்டுரையளைத் தமிழுக்கு மாத்தி ஏத்தினது. எண்ணிக்கை ஏறினது, ஆனா வாசிச்சால் விளங்காது, இல்லாத பக்கத்துக்குப் போற சிவப்பு இணைப்பு நிறைஞ்சு கிடக்கும். அப்ப தமிழ் விக்கி ஆக்கள் பேசாமல் இருக்கேல்ல, 2010ல போலந்தில நடந்த, விக்கி எழுதிறவை கூடிற விக்கிமேனியா மாநாட்டிலயே எழும்பி அந்தத் திட்டத்தின்ர குறையைச் சொன்னவை. கூகிள் எண்டு பாத்துத் தலையாட்டேல்ல.

எங்கட யுத்தத்தைப் பற்றின பக்கங்கள் ஆங்கிலத்தில பட்ட பாடு தனிக்கதை. தமிழரும் சிங்களவரும் மாறி மாறி அழிச்சு எழுதி, கடைசியா 2006ல இலங்கை நல்லிணக்கத்துக்கெண்டே அங்க ஒரு குழு தொடங்கினவை. எந்த மூலத்தை எப்பிடிக் குறிப்பிடுறது, எந்த மூலத்துக்குப் பக்கத்தில இது இன்ன தரப்பின்ர எண்டு எழுதிறது எண்டு இருந்து கதைச்சு முடிவெடுத்தவை. வெளியில பேச்சுவார்த்தை முறிஞ்சு கொண்டிருந்த அதே வருசம் அது. இதையும் அந்தப் பேப்பர் எழுதியிருக்கலாம்.

ரொறன்ரோத்தம்பி (ஞாயிறு, காலை 6.25)

இஞ்ச இருந்து வாசிச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள் எல்லாரும் பிழை சரி எண்டு கதைக்கிறியள், ஆர் திட்டினம் ஏன் திட்டினம் எண்டதையும் பாக்கவேணும். இந்தியாவில ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னை அரசாங்கத்தின்ர பிரசாரக் கருவி எண்டு சொல்லுற குற்றச்சாட்டைப் பக்கத்தில போட்டதுக்கு 2024 யூலையில டெல்லி உயர் நீதிமன்றத்தில 2 கோடி ரூபா கேட்டு வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றி விக்கியில வந்த பக்கத்தையே ஒக்டோபரில நீதிமன்றம் தூக்கச் சொன்னது, தூக்கினவை. பேந்து 2025 மேயில உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளினது. துருக்கி 2017ல இருந்து 2020 வரைக்கும் முழு விக்கியையும் பூட்டி வைச்சது, கடைசியா அவையின்ர அரசியலமைப்பு நீதிமன்றமே அது பிழை எண்டது. பெரிய இடத்து ஆக்களுக்குப் பிடிக்காத வரி ஒண்டு இருந்தால் உடன நம்பத்தகாதது எண்ட கதை வந்திடும்.

பனையோலை (ஞாயிறு, காலை 9.00)

தம்பி நீர் சொல்லுறது நடந்ததுதான். ஆனா திட்டுற எல்லாரையும் அந்தக் கணக்கில சேர்த்திடாதையும். 2015ல ஆங்கில விக்கியில 381 கள்ளக் கணக்கை ஒரே அடியாப் பூட்டினவை, அவை சின்னக் கடைக்காரரிட்டயும் கலைஞரிட்டயும் காசு குடுத்தால் உங்களைப் பற்றின பக்கம் அழியாமல் நிக்கும் எண்டு மிரட்டி வாங்கினவை. காசு குடுத்து ஏமாந்த ஒராள் விக்கியைத் திட்டினால் அவருக்கு என்ன அரசியல்? திட்டுறவன் ஆர் எண்டு முதல் பாக்காமல், அவன் சொல்லுறதில எந்த வரி, எந்தத் திகதி எண்டு இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தால் காது குடுக்கவேணும்.

கல்லுண்டாய்க்காற்று (ஞாயிறு, காலை 11.45)

நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதிறதில்லை. பனையோலை ஐயா எந்த வரி எண்டு கேட்டதால எழுதிறன்.

என்ர பெரியப்பா ஒரு அண்ணாவியார். கூத்துப் பழக்கினவர், வலிகாமத்தில பல ஊரில அவற்ற மேடை நடந்தது. அவர் 1934ல பிறந்தவர், எங்களிட்டப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கு. அவர் மோசம் போனாப்பிறகு எங்கட மச்சான் ஒருத்தர் வெளிநாட்டில இருந்து ஆசையில இணையத்தில ஒரு பக்கம் போட்டவர், எந்தத் தளம் எண்டதை விடுங்கோ, அவர் ஞாபகத்தில 1931 எண்டு எழுதிப்போட்டார். அடுத்த வருசம் நினைவு நாளுக்கு ஒரு பேப்பரில பெரியப்பாவைப் பற்றிக் கட்டுரை வந்தது. எங்கள் ஒருத்தரையும் கேக்கேல்ல, அந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் எழுதினவை, ஏனெண்டால் மச்சான்ர வசனமே அப்பிடியே கிடந்தது, 1931உம் கிடந்தது. பிறகு ஒரு விழா மலரில பேப்பரைப் பாத்து 1931. பிறகு நான் இணையத்தில மாத்தச் சொல்லிக் கேட்டால், அக்கா பேப்பரிலயும் மலரிலயும் 1931 எண்டுதானே இருக்கு, உங்களிட்ட அச்சில என்ன இருக்கு எண்டு கேக்கினம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் காட்டினால் அது வெளியிடப்பட்ட மூலம் இல்லையாம்.

எங்கட வீட்டில இருந்து புறப்பட்ட பிழை ஊரெல்லாம் சுத்தி இப்ப சான்றா எங்கட வாசலுக்கு வந்து நிக்குது. பெரியம்மா இன்னும் இருக்கிறா. நான் சாக முதல் அதை மாத்துவியளோ எண்டு கேக்கிறா. மூண்டு வருசம்தானே எண்டு சொல்லுவினம், ஆனா அவர் முதல் மேடையேறினது பதினொரு வயசில எண்டது அவருக்குப் பெரிய பெருமை, 1931 எண்டால் அது பதினாலு ஆகிடுது.

கைதடிப்பாலம் (ஞாயிறு, பகல் 12.20)

அக்கா, பெரியப்பாவுக்கு அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவு மலர், அடிச்சனீங்களோ?

கல்லுண்டாய்க்காற்று (ஞாயிறு, பகல் 12.50)

ஓம். 31ஆம் நாள் குடுத்தது. அதில வாழ்க்கை வரலாறு எழுதினது அவற்ற பள்ளித் தோழர் ஒருத்தர், ஓய்வுபெற்ற அதிபர். 1934 எண்டுதான் இருக்கு. மச்சான் பக்கம் போடுறதுக்கு முதலே அடிச்சது.

கைதடிப்பாலம் (ஞாயிறு, பகல் 1.30)

அப்ப உங்களிட்ட அச்சில இருக்கு அக்கா! அதுதான் அந்தச் சுத்துக்கு வெளியில இருக்கிற மூலம், ஏனெண்டால் அது பிழை பிறக்கிறதுக்கு முந்தினது. 2005ல இருந்து நூலகம் நிறுவனம் ஈழத்துப் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை எல்லாத்தோடயும் நினைவு மலர்களையும் மின்னாக்கி இணையத்தில வைக்குது. அங்க ஏறினால் ஆரும் திறந்து பக்க எண்ணோட மேற்கோள் காட்டலாம். தமிழ் விக்கியில எங்கட ஆக்களைப் பற்றி எழுதேக்க நான் அரைவாசி நேரம் அங்கதான் நிப்பன்.

நாவற்குழியான் (ஞாயிறு, பின்னேரம் 4.05)

ஒரு நிமிசம். கல்வெட்டு எண்டது வீட்டுக்காரர் அடிக்கிறது. அதில ஒருத்தரும் இறந்தவரைப் பற்றிக் குறை எழுத மாட்டினம், ஈழத்திலேயே முதன்முதலா இதைச் செய்தவர் எண்டெல்லாம் வரும். தங்கச்சி குறை நினைக்காதையும், உம்மட பெரியப்பாவைச் சொல்லேல்ல. பிறந்த ஆண்டு, பெற்றோர் பேர், படிச்ச பள்ளிக்கூடம், இதுக்கு அது நல்ல மூலம். முதல்வர், ஈடிணையற்றவர் எண்ட பட்டத்துக்கு அது மூலம் இல்லை, வேற ஆள் வெளியில இருந்து எழுதினது வேணும். அந்தப் பிரிப்பைச் செய்தால் நான் நம்புவன்.

பனையோலை (ஞாயிறு, பின்னேரம் 4.40)

நல்லாச் சொன்னீர். நாங்கள் கந்தோரில பழைய ஆக்களைப் பற்றி எழுத வந்தால் முதல் கேக்கிறது கல்வெட்டு இருக்கோ எண்டுதான். 1981 மே 31 இரவு தொடங்கின வன்முறையில யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சு 97,000 புத்தகத்தோட ஏட்டுச் சுவடியளும் போச்சுது, அந்த நாளுகளிலதான் ஈழநாடு பேப்பர்க் கந்தோரும் எரிஞ்சது. பிறகு இடப்பெயர்வு எண்டு வீட்டு அலுமாரியளும் போச்சுது. அதால எங்களுக்கு ஒரு பிறந்த ஆண்டைச் சரிபாக்கிறது எண்டால் லண்டன்காரன் நூலகத்துக்குப் போய்ப் பழைய பேப்பர் புரட்டுற மாதிரி இல்லை. விக்கி பிழை எண்டு எழுதிற பேப்பர்க்காரர் இதையும் யோசிக்கவேணும், சான்று இல்லை எண்டு வெட்டுற விக்கிக்காரரும் யோசிக்கவேணும்.

உயர்தரம்_கலைப்பிரிவு (ஞாயிறு, இரவு 7.15)

நான் மல்லிகை மிஸ்ஸிட்டப் போன வருசம் படிச்ச பிள்ளை. மிஸ் நான் எங்கட ஊர்ப் பக்கத்தைத் திறந்து வரலாறு தாவல் பாத்தனான். மொத்தமாப் பதினேழு முறைதான் மாத்தியிருக்கினம், அதில ஒன்பது ஒரே ஆள். மேற்கோள் எண்டு இருக்கிறது ரெண்டு, அதில ஒண்டு இப்ப திறக்குதில்லை. ஊர்க் குளத்தின்ர பேர் ஒரு இடத்தில ஒரு மாதிரியும் மற்ற இடத்தில வேற மாதிரியும் கிடக்கு. எங்கட அம்மம்மா மூண்டாவதா ஒரு பேர் சொல்லுறா. நான் மாத்தலாமோ?

கைதடிப்பாலம் (ஞாயிறு, இரவு 7.40)

பிள்ளை, அம்மம்மா சொன்னதை உரையாடல் பக்கத்தில எழுதும், கட்டுரைக்குள்ள இப்ப போடாதையும். பிரதேச சபையின்ர பலகையில, கோயில் மலரில, காணி உறுதியில எல்லாம் அந்தக் குளத்துக்கு என்ன பேர் இருக்கெண்டு தேடும். அச்சில கிடைச்சதைக் கட்டுரையில போடலாம், ரெண்டு பேர் இருந்தால் ரெண்டையும் போடலாம். திறக்காத மேற்கோளுக்குப் பக்கத்தில குறி போடுறது எப்பிடி எண்டு நான் காட்டித் தாறன், முதல் மணல்தொட்டி எண்ட பயிற்சிப் பக்கத்தில பழகும்.

முற்றத்துமல்லிகை (ஞாயிறு, இரவு 9.30)

எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு வகுப்பில அந்தப் பேப்பர்க் கட்டுரையையும் கொண்டு போறன், விக்கிப் பக்கம் ஒண்டையும் அச்செடுத்துக் கொண்டு போறன். ரெண்டிலயும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்தில இது எங்க இருந்து வந்தது எண்டு பென்சிலால எழுதச் சொல்லப் போறன். விக்கியே தன்னை மூலமா மேற்கோள் காட்டாதேங்கோ எண்டு சொல்லுறதையும் வாசிச்சுக் காட்டுவன். அந்த நாலு அம்மாமாருக்கும் வந்து பாருங்கோ எண்டு இப்பதான் மெசேஜ் போட்டனான், ரெண்டு பேர் வாறம் எண்டவை. நாவற்குழியான் அண்ணை கேட்ட கேள்வியை, ஆர் காவல் காக்கினம் எண்டதை, அவையிட்டயும் கேக்கப் போறன், ஏனெண்டால் அவையின்ர அலுமாரியிலயும் கல்வெட்டு இருக்கும்.

கல்லுண்டாய்க்காற்று (திங்கள், காலை 6.50)

இரவு அலுமாரியைக் கிளறினனான். பெரியப்பாவின்ரயோட இன்னும் பதினொரு கல்வெட்டு கிடந்தது, ஒண்டு 1967ல அடிச்சது, கறையான் ஓரத்தைத் தின்டிட்டுது ஆனா எழுத்துத் தெரியுது. பெரியம்மா ஒவ்வொண்டாத் துடைச்சு மேசையில அடுக்கி வைச்சிருக்கிறா. கைதடித் தம்பி, ஸ்கான் பண்ணக் குடுக்கேக்க மூலப் பிரதியைத் திருப்பித் தருவினமோ எண்டு அவ கேக்கச் சொன்னவ.